அம்புக்குறிக்குப் பாலாபிஷேகம்

ஜொகூரில், லாயாங் லாயாங் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஜனங்கள் பங்குனி உத்திரத்துக்குக் குளுவாங் முருகன் கோயிலுக்கு நடந்தே போவார்கள். வழியெல்லாம் ரப்பர் மரம். ஒரு நிரையைப் பார்த்தால் ஜொகூர் முழுக்கப் பார்த்த மாதிரிதான். வருஷா வருஷம் சிலர் வழி தவறி வேறு தோட்டத்துக்குள் போய்விடுவார்கள். அங்கே ஆள் குறைச்சலாக இருந்தால், கையில் கத்தியைக் கொடுத்துப் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் இறக்க நிறுத்திக்கொள்வதும் உண்டு. இப்பெருந்துயரைக் களைய மார்க்க விருத்தி இலாகா திருவுளம் கொண்டது.

முச்சந்திகளில் வெள்ளையடித்த தூண்களை நட்டார்கள். தூணுக்குத் தூண் இங்கிலீஷ், ஜாவி என்கிற மலாய், சீனம், தமிழ் என நான்கு எழுத்து. தமிழுக்குப் பொறுப்பு இலாகாக் குமாஸ்தாவான கிராணி ராஜசேகரன். நாலு பேருக்குப் புரிகிற தமிழ் சர்க்கார் கௌரவத்துக்குக் குறைவு என்பது அவர் கட்சி. எழுத்தறியாதவர்களுக்காகத் இலாகாவின் வெள்ளைக்காரத் துரையே யோசித்து, ‘நேரே போ’ என்று காட்ட, மேல்நோக்கிய சிவப்பு அம்புக்குறி ஒன்றை வரையச் சொன்னார்.

அந்த வருஷம் அங்கம்மா தலையில் பால்குடம். புருஷன் லெட்சுமணன் குளிர்காய்ச்சலில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். பால் திரிவதற்குள் குளுவாங் முருகனுக்கு ஊற்றிவிட்டால் அவன் பிழைத்துக்கொள்வான் என்று வேண்டுதல். வெயிலோ ஏறிக்கொண்டிருந்தது.

முதல் தூணருகே கூட்டம் நின்றது. முன்னால் போன ஐயாசாமி கங்காணி எழுத்துக்கூட்டி வாசித்தார்: “பாதசாரிகள் இவ்விடத்தினின்றும் நேர்முகமாய்க் கமனம் இயற்றத்தக்கது.”

“என்னாண்ணே அர்த்தம்?” என்றாள் அங்கம்மா.

“தமிழா இருந்தும் புரியல. அப்போ மந்திரம்தான்.” அண்ணாந்து சிவப்பு அம்புக்குறியைப் பார்த்தார். கை தானாகக் குவிந்தது. “அட, வேலு!”

அப்புறம் யார் யோசிப்பார்கள்? தேங்காய் உடைந்தது. தூணுக்கு மஞ்சள் பூசினார்கள். மஞ்சளில் நான்கு பாஷையும் ஒன்றாக மறைந்தன. மூன்று சுற்றுச் சுற்றிக் கும்பிட்டு நிமிர்ந்தால், வந்த வழி எது, போகிற வழி எது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கங்காணி ஒரு பக்கம் நடந்தார், எல்லாரும் பின்னால் போனார்கள். வளைந்து வளைந்து போய் இன்னொரு தூணைக் கண்டார்கள். அதன் அடியில் தேங்காய்ச் சில்லு கிடந்தது.

“பாத்தியாம்மா! நமக்கு முன்னால யாரோ கும்பிட்டுட்டுப் போயிருக்காங்க. சரியான பாதைதான்,” என்றார் கங்காணி.

“அண்ணே, இது நாம ஒடச்ச தேங்கா. மஞ்சள்ல என் கை பதிஞ்சிருக்கு பாருங்க.”

“அதனால என்னம்மா? நாம கும்பிட்டா மட்டும் தப்பான பாதையாயிடுமா?”

அந்நேரம் தூண்களைப் பார்வையிட ராஜசேகரன் சைக்கிளில் வந்து இறங்கினார். அங்கம்மா ஓடினாள்.

“ஐயா, குளுவாங் எந்தப் பக்கம்?”

“தூணைப் பாரு.”

“மஞ்சள் மூடியிருக்குங்க. நீங்க கைய காட்டுங்க, போதும்.”

“வழி காட்டுறது தூணோட உத்தியோகம். தூணைப் பாத்துக்கறது என் உத்தியோகம். ஒருத்தர் உத்தியோகத்துல ஒருத்தர் தலையிடக் கூடாது.”

“அப்போ மஞ்சளத் தொடச்சிடட்டுங்களா?”

“தொடச்சா சாமி குத்தம். விட்டா சர்க்கார் சொத்துக்குச் சேதம். ரெண்டும் செய்யாம நில்லு.”

பக்கத்து மலாய்க் கிராமத்துப் பாக் சாலே மாட்டுவண்டியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு வந்தார். “பாக், குளுவாங் மானா?” என்று மலாயில் வழி கேட்டுக் கத்தினாள் அங்கம்மா. “சானா,” என்று அவர் ஒரு பக்கம் கை காட்டினார்.

“அலமாக்! அவருக்கு வழி சொல்ல நியமன உத்தரவு இருக்கா? அவர் பேச்சக் கேட்டுப் போனா இலாகா பொறுப்பில்ல லா!” என்றார் கிராணி. அதைக் கேட்டுக் கங்காணியே இரண்டடி பின்வாங்கினார். கூட்டமும் பின்வாங்கியது.

பாலில் புளிப்பு வாடை தட்டியது. அங்கம்மா கிராணியிடம் திரும்பினாள். “எம்புருசன் செத்தா யாரு பொறுப்பு?”

“அது ஆஸ்பத்திரி இலாகா.”

“முருகா, எனக்கு நீ இங்கயேதான்!” என்று குடத்தைத் தூணின் தலையில் கவிழ்த்தாள்.

மறுநாள் லெட்சுமணன் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கொயினா மருந்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. தூண் நட்ட பிறகு அதைத் தாண்டி ஒருவர்கூட வழி தவறவில்லை என்று துரை மேலிடத்துக்கு எழுதினார். உண்மைதான், ஒருவர்கூடத் தாண்டவில்லை. தூணுக்குத் தகரக் கூரை ஏறியது. ராஜசேகரன் பதவி உயர்ந்து, அந்தத் தூண் கோயிலுக்குத் தலைவரும் ஆனார். பாக் சாலே அங்கேயே தேங்காய்க் கடை போட்டார். அதற்கடுத்த கற்பூரக் கடை அங்கம்மாவுடையது. வியாபாரம் அமோகம்.

அடுத்த உத்திரத்தன்று, பால்குடத்தோடு ஒரு பெண் ஓட்டமும் நடையுமாக வந்தாள். “அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல். பால் திரியறதுக்குள்ள போகணும். குளுவாங் எந்தப் பக்கம்?”

அங்கம்மா பாக் சாலேயைப் பார்த்தாள். அவர் குனிந்து தேங்காய்க்கு நார் உரிக்கத் தொடங்கினார்.

“எதுக்கும்மா அவ்வளவு தூரம்?” என்றாள் அங்கம்மா. “கற்பூரம் எத்தன கட்டி வேணும்?”