மேலால் போன மாப்பிள்ளை

என் கல்யாணத்தைக் கெடுத்தவன் என் மச்சான் கனகலிங்கம். மனைவியின் அண்ணன் என்பதற்காக இத்தனை வருடம் பொறுத்தேன். இனி முடியாது.

அறுபதுகளின் தொடக்கம். நான் கொழும்பில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் எழுதுவினைஞன். பெண் வீடு கிளிநொச்சியில், வயல் செய்யும் குடும்பம். கொழும்பில் வாங்கிய கூறைச் சேலை என் பெட்டியில் இருந்தது. கந்தோரில் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலைவரை லீவு தரவில்லை. பரவாயில்லை, இரவு மெயில் ரயிலில் ஏறினால் விடியக் கிளிநொச்சியிலேயே இறங்கலாம். அந்த நேரம் பார்த்துக் கொழும்புக்கு வந்தான் கனகலிங்கம்.

"ரயிலில தூங்கி வழிஞ்சுகொண்டு வராதையும். பிளேனில வாரும். ஊரெல்லாம் சொல்லிப்போட்டன்."

"பிளேன் கிளிநொச்சிக்கு வராதே!"

"யாழ்ப்பாணத்துக்கே ஒரு மணித்தியாலம்தான். கிளிநொச்சி அதுக்கு இஞ்சாலதானே? அப்ப இன்னும் கிட்ட!"

(தலையாட்டினேன். எழுதுவினைஞர் பரீட்சையில் கணக்கில் சித்தியடைந்த தலை அது.)

அவன் அன்றிரவே மெயில் ரயிலில் ஊருக்குத் திரும்பினான். மறுநாள் காலை நான் பட்டுவேட்டியோடு இரத்மலானையில் பிளேன் ஏறினேன். ஒரு மணித்தியாலம் ஆகுமுன்பே ஜன்னலில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளம் பளபளத்தது. கொஞ்சம் தள்ளி வெள்ளையாக ஒரு பந்தல். என் பந்தல்! கை காட்டினேன். பிளேன் நிற்கவில்லை. (நிற்கும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் மெதுவாகப் போகும் என்று நினைத்தேன்.)

கீழே கனகலிங்கம், "அந்தா எங்கட மாப்பிள்ளை!" என்று கத்தியிருக்கிறான். சனம் அண்ணாந்து பார்த்தது. மாப்பிள்ளை வடக்கே பறந்து மறைந்துபோனார். மாமியார் அழத் தொடங்கிவிட்டார்.

பலாலியில் இறங்கி, யாழ்ப்பாணம் வந்து, வாடகைக் கார் பிடித்து, பறந்த தூரத்தை ரோட்டால் திரும்பி வந்தேன். பளையில் ரயர் வெடித்தது. மாற்று ரயர் சாரதியின் வீட்டில் இருந்தது. தேங்காய் லொறி ஒன்றை மறித்து, தேங்காய்க்கு மேல் ஏறிக் குந்தினேன். ஆனையிறவு தாண்டும்போதே முகூர்த்தம் போய்விட்டது.

பந்தலில் என் கல்யாணச் சோற்றைச் சனம் சாப்பிட்டு முடித்திருந்தது. ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "பின்னேரம் ஒண்டு கிடக்கு. அதையும் விட்டா அடுத்த மாசம்தான்."

"பிள்ளைக்கு விருப்பமில்லாட்டி இதோட விடுவம்," என்றார் மாமனார்.

பெண் வெளியே வந்தாள். பெட்டியைத் திறந்து நான் நீட்டிய கசங்கிய கூறையைப் பார்த்தாள். என் தலையில் ஒட்டியிருந்த தேங்காய்த் தும்பைப் பார்த்தாள்.

"காலமை மேலால இரைஞ்சுகொண்டு போனது நீங்களோ?"

"ஓம்."

"அப்ப நேரத்துக்குத்தான் வந்திருக்கிறியள். இறங்கத்தான் பிந்திப்போச்சு."

சிரித்துவிட்டாள். பின்னேரம் தாலி கட்டினேன்.

இன்றும் நான் கடைக்குப் போய்ப் பிந்தினால், அவள் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். பிள்ளைகளும் பார்க்கிறார்கள். கனகலிங்கமோ, பிளேனை நிற்பாட்ட நான் பஸ்ஸில்போல மணி அடிக்கக் கயிறு தேடினேன் என்று கல்யாண வீடு தவறாமல் சொல்லித் திரிகிறான்.

கனகலிங்கம், அடுத்த கிழமை உம்முடைய மகளுக்குக் கல்யாணம். ஒலிபெருக்கி இருக்கும், ஊர்ச்சனமும் இருக்கும். எழும்பி நின்று பதில் சொல்லும்: கொழும்பிலிருக்கும் உம்முடைய மாப்பிள்ளையை மட்டும் ஏன் ரயிலில் வரச் சொன்னீர்?