முதல் மணியிலேயே எடுப்பவர்

கேரம் போர்டில் சிவப்புக் காய் குழியின் வாயில் நிற்கும்போதுதானா அந்த செல்போன் 'டிங்' என்று கத்த வேண்டும்! கணக்கர் ஸ்ட்ரைக்கரை விட்டுவிட்டுப் போனைப் பிடித்தார்.

"போங்கப்பா! இனிமே உங்ககூட ஆடவே மாட்டேன்" என்று மகள் எழுந்து போய்விட்டாள்.

மேனேஜரின் செய்திக்கு உடனே பதில் போடாவிட்டால் ஒரு கேள்விக்குறி வரும். அதற்கும் அசையாவிட்டால் வரிசையாக வரும். அந்தக் கேள்விக்குறிகளால்தான் பிரஷர் ஏறுகிறது என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

மனைவிதான் வழி சொன்னாள். "பேசாம அந்தக் காலம் மாதிரி வீட்டுக்கு ஒரு போன் போட்டுடுங்க. அவசரம்னா மட்டும் அதுல கூப்பிடச் சொல்லுங்க."

பரணில் கிடந்த பழைய டெலிபோன் இறங்கியது. புது இணைப்பு, புது நம்பர். அடடா, ரிசீவர்தான் என்ன கனம்! சுருள் வயரை விரலில் சுற்றிப் பார்த்தார். இது அடித்தால் வீடே விழுந்தடித்து ஓடிவந்த காலம் ஒன்று உண்டு. யாரோ நம்மை நினைத்துக்கொண்டார்கள் என்று சந்தோஷம். யாருக்கும் வேலை ஞாபகம் வராது. 

நம்பரை மேனேஜருக்கு மட்டும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை செல்போனை அணைத்துவிட்டு, மகளைத் தாஜா பண்ணி ஆட உட்கார்ந்தார்.

டெலிபோன் அடித்தது. பாய்ந்தார். கால் பட்டுக் காயெல்லாம் சிதறியது.

"சொல்லுங்க சார்!"

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் 'டொக்'.

"எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறேன்னு சோதிக்கிறார்" என்றார் மனைவியிடம், முகம் வெளுத்து.

அடுத்த வாரம் டெலிபோன் கேரம் போர்டுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இரண்டாவது மணியிலேயே எடுத்தார். டொக். அதற்கடுத்த வாரம் ஒரு கை ஸ்ட்ரைக்கரில், ஒரு கை ரிசீவரில். முதல் மணி முடியுமுன் எடுத்துவிட்டார். இந்தத் தடவை டொக்குக்கு முன்னால் ஒரு பெருமூச்சும் வந்தது.

"போச்சு! என் வேலைக்கு வேட்டு வெச்சுட்டார்!"

மறுபடி அடித்தது. மகளுக்கு வந்ததே கோபம்! காய்கள் சிதற, அவரை முந்திக்கொண்டு ரிசீவரைப் பிடுங்கினாள்.

"எங்கப்பாவை ஏன் இப்படிப் படுத்துறீங்க?"

கணக்கர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மகள் வெகுநேரம் கேட்டாள். "ம்... ம்... சரி மாமா" என்று மெதுவாக வைத்தாள்.

"என்னடி சொன்னார்? வேலை போச்சா?"

"மேனேஜர் இல்லப்பா, வேற யாரோ ஒரு மாமா. இந்த நம்பர் அவர் சின்ன வயசுல அவங்க வீட்டு நம்பராம்பா. எப்பவும் அவங்க அம்மாதான் எடுப்பாங்களாம். இப்ப அம்மா இல்லையாம்." சிதறிய காய்களை அவள் நடுவில் அடுக்கத் தொடங்கினாள். "இனிமே அடிச்சா நீங்க எடுக்கவே வேண்டாமாம்பா. அடிச்சுக்கிட்டே இருந்தா, அம்மா சமையல்கட்டுல கை வேலையா இருக்காங்கன்னு நினைச்சுப்பாராம்."