கரிக்குத் தப்பிய இலை

ஸ்ரீநகர்
இலை கொட்டத் தொடங்கிய இரண்டாம் வெள்ளிக்கிழமை

லூதியானா வீதிகளில் சால்வை மூட்டை சுமக்கும் சிங்கமும், என் மனைவியின் ஒரே தம்பியுமான முஷ்தாக்குக்கு, உன் அக்கா புருஷன் அசதுல்லா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நான் சுகம். உன் அக்கா ஜூனா என்னைவிடச் சுகம். அவள் குரல் அவளைவிடச் சுகம், காற்று இந்தப் பக்கமாக அடித்தால் உனக்கே கேட்கும். உன் முதுகும் மூட்டையும் சுகமாயிருக்க அல்லாவை வேண்டுகிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்கிறதானால் இப்போதே சிரித்துத் தொலை. மீசை முளைக்கும் முன்பிருந்தே காகிதக்கூழ்ப் பெட்டிகளில் சினார் இலை வரைந்து வயிறு வளர்க்கிற எனக்கு, போன வாரம் சினார் இலைக்கு எத்தனை விரல் என்று சந்தேகம் வந்துவிட்டது. கை வரைகிறது, எனக்குத்தான் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், நான் பெட்டியைப் பார்த்தே பெட்டி வரைந்திருக்கிறேன் மச்சான், மரத்தை நிமிர்ந்து பார்த்ததே இல்லை.

இந்தச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது கடைக்கார ஹாஜிதான். கோடை முழுக்கத் தூரிகையைத் தொட்டாலே எனக்குத் தூக்கம் வந்தது, அந்தத் தூக்கத்திலேயே வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹாஜி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொட்டாவி விட்டார். "அசதுல்லா, இது போன வருஷத்து இலைதானே? அதுக்கு முந்தின வருஷமும் இதேதானே? மரமே வருஷத்துக்கு ஒரு தடவை மாத்திக்குதுய்யா, நீ மாத்த மாட்டேங்குறியே! புதுசா ஒண்ணு கொண்டா. இல்லேன்னா கடைப்பக்கம் வராதே." அதனால்தான் போன கடிதத்தில், 'கண் மங்குகிறது, நானும் லூதியானா வருகிறேன், பாதி மூட்டையை எனக்கு எடுத்து வை' என்று உனக்கு எழுதினேன். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. நீ கண்ணுக்கு மருந்து வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயாம், அதை அங்கேயே யாருக்காவது விற்றுவிடு.

சரி, மரத்தையே கேட்போம் என்று தோட்டத்துக்குப் போனேன். அடேயப்பா! ஒரே மரத்தில் மஞ்சள், செம்பு, ஈரல் நிறம், வெந்த சீமைமாதுளை நிறம் எல்லாம் சேர்ந்து எரிகிறது, நான் இத்தனை காலம் ஒரு டப்பா சிவப்பை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றியிருக்கிறேன். மண்டிபோட்டுப் பொறுக்கினேன். காவல்காரன் வந்து, "என்னய்யா தொலைச்சே?"ன்னான். "இலை"ன்னேன். அவன் சுற்றிலும் முழங்கால் மட்டும் கிடந்த சருகைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "கெடைச்சதும் சொல்லு, நானும் தேடுறேன்"னு போய்விட்டான்.

பொறுக்கியதை மாடி ஜன்னலோரம் பரப்பி வைத்தால் உன் அக்கா வந்து நிற்கிறாள், கழுத்திலே மாலை மாலையாக அறுத்துக் கோத்த சுரைக்காய். "பனிக்காலத்துக்குக் காய் காயப்போட எடமில்லாம நான் தவிக்கிறேன், நீங்க சருகு காயப்போடுறீங்களா? அது ஏற்கெனவே காஞ்சதுதானே?" ஜன்னலில் பாதியை அவள் சுரைக்காய்க்கு விட்டுக்கொடுத்தேன். ஆனால் அத்தனை இலையை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தும் கை பழைய இலையைத்தான் போட்டது, மாட்டுவண்டி வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி. தூரிகையை வைத்துவிட்டு, உன்னோடு சேர்ந்து இனி மூட்டை தூக்கலாம் என்று முடிவு பண்ணித் தொழுகைக்குப் போனேன்.

திரும்பி வந்தால் தெருவெல்லாம் புகை. பெண்கள் சருகைக் கூட்டி எரித்து, பனிக்காலத்தில் அணைத்துக் குளிர்காயும் காங்ரிச் சட்டிக்குக் கரி சுடுகிறார்கள். நம் வாசல் குவியல்தான் பெரிசு. "மாடியில இருந்த இலை எங்கேடி?" "இதோ எரியுதே. காங்ரிக்கு உங்க இலை, ஊரார் இலைன்னு தெரியவா போகுது?" நான் கையை உள்ளே விட்டேன் மச்சான், ஆமாம், நெருப்புக்குள்ளேதான். தாடி பொசுங்கியது. கரியை அணைக்கக் குடத்தோடு நின்ற உன் அக்கா பாதித் தண்ணீரை என் தலையில் கொட்டினாள், தெருவே சிரித்தது. கையில் ஒரே ஒரு இலை. பாதி இலை. ஓரமெல்லாம் கருகி, சாம்பல் பூத்து, நடு நரம்பு மட்டும் இன்னும் சிவப்பாக, உயிர் போகமாட்டேன் என்கிற மாதிரி. இப்படி ஒரு இலையை எந்தப் பெட்டியிலும் நான் கண்டதில்லை.

ஈரத் துணியைக்கூட மாற்றாமல் உட்கார்ந்தேன். உன் அக்கா வைத்த உப்புத் தேநீர் ஏடு கட்டிக் கிடந்தது, தூக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. முடித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பெட்டி இப்போது ஜன்னலோரம் காய்கிறது, அந்த இலையும் பக்கத்திலேயே இருக்கிறது. நாளைக்கு வார்னிஷ் பூசி ஹாஜி மூக்குக்கு நேரே நீட்டப்போகிறேன், கொட்டாவி விடட்டும் பார்க்கலாம். ஆகவே நான் லூதியானா வரவில்லை. முழு மூட்டையையும் நீயே தூக்கு, உன் தோள் வாழ்க. உனக்கு நல்ல வியாபாரமும், சூடான ரொட்டியும், உன் மகளுக்கு என்னைப்போல் ஒரு மாப்பிள்ளையும் வாய்க்கட்டும்.

உன் அன்புள்ள,
அசதுல்லா

பின்குறிப்பு: விடிந்ததும் உன் அக்கா சுரைக்காய் திருப்பிப் போட மாடிக்குப் போனாள். பெட்டிமேல் கருகிய சருகு ஒன்று ஒட்டியிருக்கிறதென்று நகத்தால் சுரண்டியிருக்கிறாள். வரவில்லை என்று ஈரத்துணியால் தேய்த்திருக்கிறாள். வந்துவிட்டது. "நெஜமான இலைன்னா நெனச்சே?" என்று கேட்டேன். "பின்னே என்னன்னு நெனைக்கிறது?" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் வேலையைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை இது, அதனால் திட்ட முடியவில்லை. இன்னொன்று வரைந்துவிடலாம், கை சூட்டோடு இருக்கிறது. பாதி மூட்டையை மட்டும் எதற்கும் எடுத்து வை. பக்கத்தில் இருந்த அந்த இலை எங்கே என்று கேட்டதற்குத் தன் காங்ரியை நீட்டினாள். தொட்டுப் பார்த்தேன். நன்றாகச் சூடாக இருக்கிறது.