கண்ணுக்குள் ஒரு துரை

உப்பில்லாத பருப்புக்கறியைக் கணபதி வாய் திறக்காமல் சாப்பிட்டு முடித்ததில்தான் அத்தனை வில்லங்கமும் தொடங்கியது.

கணபதி மூணாங்கட்டைத் தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மலை உச்சியில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால், ஆற்றோரம் கொழுந்து பறிக்கிறவள் நிமிர்ந்து பார்ப்பாள். வேலை முடிந்த பிறகு அந்தக் குரலுக்கு வேறு போக்கிடம் இல்லாததால், மனைவி பாக்கியத்தின் சமையல் மீது அதைச் செலவழித்து வந்தார். பாக்கியமும் வாங்கிக் கட்டிக்கொள்கிற ரகமில்லை. ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள்.

வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளான லயத்தில் அடுத்த காம்பரா ரெங்கம்மாவுடையது. இடையில் ஒற்றைச் சுவர், அதுவும் கூரை வரை எட்டாத சுவர். இந்தச் சண்டையைக் கேட்டுத்தான் மத்தியானம் ஆகிவிட்டதென்று ரெங்கம்மா உலையிறக்குவாள். அன்று அவள் வீட்டில் சோறு குழைந்துவிட்டது.

காரணம் கணபதியின் வலது கண்ணுக்குள் இருந்தது.

போன மாதம் கண் ஆராய்ச்சி செய்கிறவர்கள் தோட்டத்துக்கு வந்து, வயதானவர்களையெல்லாம் கூப்பிட்டுச் சோதித்தார்கள். கணபதியின் கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, குளுக்கோமாவாக இருக்கலாம், கவனிக்காமல் விட்டால் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வரும் என்றார்கள். அந்த அழுத்தம் ஒரு நாள் முழுக்க எப்படி ஏறி இறங்குகிறது என்று அறிவதற்காக, அன்று காலையில் பதுளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிக் கண்ணில் ஒரு மெல்லிய லென்ஸை மாட்டி அனுப்பியிருந்தார்கள். அது கண்டதையெல்லாம் சட்டைக்குள் தொங்கிய தீப்பெட்டி அளவான பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

"நாளைக்குக் காலையில வாங்க ஐயா, கழட்டிறலாம்," என்றாள் லென்ஸை மாட்டிவிட்ட நர்ஸ் ஜீவராணி மிஸி. "கண்ணக் கசக்காம, எப்பவும் போல இருங்க. விசேஷமா ஒண்ணும் செய்ய வேணாம்."

எப்பவும் போல இருப்பதாவது. கம்பனியிலிருந்து துரை சோதனைக்கு வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, தண்ணீர் ஓடும் கானை வெட்டி, வாசலில் கட்டிய ஆட்டை மலைக்குப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் தோட்டத்து முறை. துரை போன மறுநாள் ஆடு திரும்பி வரும். முப்பது வருஷம் அந்தச் சுண்ணாம்பு வேலைக்கு முன்னே நின்றவர் கணபதி. இப்போது கண்ணுக்குள்ளேயே துரை வந்து உட்கார்ந்திருக்கும்போது எவனாவது எப்பவும் போல இருப்பானா?

வரிசையில் இருந்த நோயாளிகளிடம் விசாரித்தார். கத்தினால் அழுத்தம் ஏறும் என்றார் ஒருவர். குனிந்தால் ஏறும் என்றார் இன்னொருவர். தலையைத் தாழ்த்திப் படுக்காதே, கழுத்துப் பட்டனைப் போடாதே, அழாதே என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் மனதில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

கொழும்பில் கடை வைத்திருந்த மகன் ரமேஸ்தான் அவருடைய பயம். "ஒங்க ரெண்டு பேருல யாருக்காவது மேலுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன், அன்னைக்கே வந்து இங்க கூட்டிக்கிட்டு வந்துருவேன்," என்று அவன் சொல்லியிருந்தான். தங்கமான பிள்ளை. ஆனால் அவன் வீடு மூன்றாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். காலையில் பனிக்குள்ளிருந்து மலை ஒவ்வொரு வரிசையாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடித்த மனிதர், சுவரைப் பார்த்து என்னத்தைக் குடிப்பார்? பெட்டியில் நல்ல கணக்கு விழ வேண்டும். மகனுக்கு மட்டுமல்ல, பாக்கியத்துக்கும் தெரியக் கூடாது. அவள் வாயில் ரகசியம் தங்காது என்பது கணபதியின் முடிவு. அதனால் யூனியன் ஆபீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் பதுளைக்குப் போயிருந்தார். அவளும் அன்று முதல் பஸ்ஸில் டவுனுக்குச் சேலை பார்க்கப் போய், ஒன்றும் பிடிக்காமல் அவருக்கு முன்பே திரும்பிவிட்டதால் கேள்வி கேட்க ஆளில்லை.

"கறி எப்பிடி?" என்று கேட்டாள் பாக்கியம், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"நல்லா இருக்கு," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அடுத்த நிமிஷம் ரெங்கம்மா வாசலில் நின்றாள்.

"அண்ணே, மேலுக்கு முடியலையா?"

வேறு நாளாக இருந்தால், "ஒன் சோலியப் பாத்துக்கிட்டுப் போ," என்று விரட்டியிருப்பார். இன்று பெட்டி நெஞ்சில் உறுத்தியது.

"நல்லா இருக்கேம்மா. நீ சாப்பிட்டியாம்மா?"

ரெங்கம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் அவளை 'அம்மா' போட்டுக் கூப்பிட்டதே இல்லை.

நோய் ஏதும் இல்லை என்று காட்டுவதற்காகக் கணபதி வாசலில் இறங்கி உலாவினார். அங்கே ரெங்கம்மாவின் ஆடு அவருடைய போஞ்சிக் கொடியை மென்றுகொண்டிருந்தது. அந்தக் கொடிக்காக அவர் போன வருஷம் தலைவர்மாரைக் கூட்டிப் பஞ்சாயத்தே வைத்தவர். கல் எடுக்கக் குனிய வேண்டும். விரட்டக் கத்த வேண்டும். இரண்டும் ஆகாது. ஆட்டின் பக்கத்தில் போய் நின்று, "போதும்டா கண்ணு," என்றார் மெதுவாக.

ரெங்கம்மா ஓடிப்போய்ப் பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த கருப்பம்மாவிடம், "கங்காணி அண்ணனுக்கு நாள் குறிச்சிட்டாங்க போல. ஆட்டுக்கிட்டக்கூட மன்னிப்புக் கேட்டாரு," என்றாள். பீலிக்கரையில் சொன்ன சொல் அடுப்புப் பற்றவைப்பதற்குள் எல்லா லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அன்று அதற்கும் முன்பே போனது.

வாசலில் நின்றால் வினை என்று கணபதி உள்ளே போய்ப் படுத்தார். தலை உயர மூன்று தலையணை. சட்டைப் பட்டன் திறந்து, கைகள் இரண்டும் பெட்டியின் மேல் கட்டியபடி, அசையாமல். விளக்கு வைக்கிற நேரமானதால் பாக்கியம் வழக்கமான இடத்தில் விளக்கை ஏற்றினாள். அந்த இடம் அவர் தலைமாட்டுக்கு நேராக இருந்தது. அந்தக் கோலத்தில்தான் முதலில் உள்ளே வந்த கருப்பம்மா அவரைப் பார்த்தாள்.

"ஐயோ, என் ராசா," என்று அவள் தொடங்க, பின்னால் வந்த நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் கணபதி.

"அப்பிடித்தான் சொல்லுவாங்க," என்றாள் கருப்பம்மா.

அவர் எழுந்து உட்கார்ந்தார். யாரும் நகரவில்லை. வந்தவர்கள் வந்த காரியத்தைத் தொடங்கினார்கள். ஒரு நாள் காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் பிந்தி வந்ததற்காகத் தன்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய கங்காணியைக் கருப்பம்மா அன்று மன்னித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்ததாம், அவர் அனுப்பியிராவிட்டால் பிள்ளை மிஞ்சியிருக்காதாம். அதைக் கேட்ட ரெங்கம்மா, தேயிலை ஸ்டோர் மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய கதையை எடுத்தாள். பாதிப் படத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஒருத்தரும் எழும்பவில்லை. பெண்கள் இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, சுருங்கி நெளிந்த துணியில் கதாநாயகன் நனைந்துகொண்டே சண்டை போட்டதைப் பார்த்தார்கள்.

"அண்ணன் பாக்கியத்தப் புடிச்சதே கொழுந்து மடுவத்துலதானே," என்று யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

உண்மைதான். கொழுந்து நிறுக்கிற அந்தக் கொட்டகையில் பாக்கியத்தின் கூடை வந்தால் மட்டும் கணபதி விட மாட்டார். கையை உள்ளே விட்டு ஒரு முற்றின இலையைக் கண்டுபிடித்து, "இது என்னா?" என்று அவளை நிற்க வைப்பார். ஒரு நாள் கூடை முழுக்கத் தேடியும் ஒரு முற்றின இலை கிடைக்கவில்லை. அன்றைக்குத் தானே ஒன்றைக் கொண்டுவந்து போட்டு எடுத்தார். அவள் பார்த்துவிட்டாள். பார்த்தும் சொல்லவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள். கணபதிக்குத் துரையும் மறந்துபோனார், பெட்டியும் மறந்துபோனது. அந்த ஒற்றைச் சுவர் வீட்டுக்குள் இந்தச் சிரிப்பும் பாசமும் இத்தனை வருஷமும் அப்படியே இருந்திருக்கிறது, தான்தான் கவனிக்காமல் கத்திக்கொண்டே இருந்துவிட்டோம் என்று அவருக்குப் பட்டது. அழக் கூடாது என்பது சட்டென்று நினைவுக்கு வர, கூரையைப் பார்த்துக்கொண்டார்.

அங்கிருந்த பெண்களெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் மட்டும் மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு சொட்டுக்கூட விடவில்லை. அதில் கணபதிக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். நான் சாகப் போகிறேன் என்று ஊரே அழுகிறது, கட்டினவள் கல்லு மாதிரி இருக்கிறாளே. பிறகு, மனதுக்குள் எவ்வளவு வைத்திருக்கிறாளோ என்று தானே சமாதானம் செய்துகொண்டார்.

அப்போது போன் அடித்தது. ரமேஸ்.

"ரெங்கம்மா அத்த எல்லாம் சொன்னாங்க. நான் ராத்திரி ரயில் ஏறுறேன். நாளைக்கு ரெண்டு பேரும் சாமானக் கட்டுங்க."

"டேய், ஒண்ணுமில்லடா, சும்மா..."

"நீங்க இவ்வளவு மெதுவாப் பேசுறதுலயே தெரியுதுப்பா," என்று மகன் தழுதழுத்து வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில், மகனைக் கூட்டிவரப் பதுளை ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்று கணபதி புறப்பட்டார். பாக்கியமும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"நீ எதுக்கு?"

"நானும் வாறேன்."

அவள் குரலில் இருந்த உறுதி அவரை உருக்கிவிட்டது. சாகக் கிடக்கிறவனைத் தனியே விட மனம் வரவில்லை போலும். பஸ்ஸில் இருவரும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே போனார்கள். இனி எத்தனை நாள் பார்க்கப்போகிறோம் என்று இருந்தது அவருக்கு. ஆஸ்பத்திரி வாசல் வந்ததும் ஒரு பொய்யைத் தயார் செய்தார்.

"நம்ம பழைய லொறி டிரைவர் இங்க வார்டுல கிடக்காராம். ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துர்றேன்."

"போங்க, போங்க. நான் இங்கனயே இருக்கேன்," என்று அவள் உடனே ஒரு வாங்கில் உட்கார்ந்தாள்.

ஜீவராணி மிஸி லென்ஸைக் கழற்றினாள். பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தாள்.

"ஏறித்தான் இருக்கு ஐயா. பயப்பட வேணாம். டாக்டர் சொட்டு மருந்து தருவாரு. ஒழுங்கா விட்டா கட்டுக்குள்ள வச்சுக்கலாம்."

"அதுக்குக் கொழும்புக்குப் போகணுமா?"

"கொழும்புக்கு என்னத்துக்கு? சொல்ற தேதிக்கு இங்க வந்தாப் போதும்."

கணபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மிஸி, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். இது எம் மகனுக்கும் தெரியக் கூடாது, வீட்டுக்காரிக்கும் தெரியக் கூடாது. அவன் எங்களக் கூட்டிக்கிட்டுப் போயிருவான். அந்த லயத்த விட்டுட்டுப் போனா என் மனுஷி தாங்க மாட்டா."

மிஸி அடுத்த ஆளுக்கான பஞ்சை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் சொல்லல ஐயா. நேத்து காலையில ஒங்களுக்கு முந்தி இதே கதிரையில இருந்து லென்ஸ் மாட்டிக்கிட்டுப் போனாங்களே ஒங்க வீட்டம்மா, அவங்களும் அச்சுப் பிசகாம இதையேதான் சொன்னாங்க."