எந்த ஸைலர் வீடு?

வைடன்ஃபுர்ட்,
அக்டோபர் 1979

பாசமுள்ள அக்கா வால்புர்காவுக்கு,

தம்பி கொன்ராட் வணக்கத்தோடு எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் ஹெர்மினேயும் இங்கே நன்றாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால், எனக்கு முதுகு, மற்றபடி குறையொன்றும் இல்லை. கடலுக்கு அந்தப்பக்கம் நீயும் அத்தானும் பேரப்பிள்ளைகளும் அதேபோல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மகள் ரோஸ்விதா சுகமாக வந்து சேர்ந்தாள். யாரிடம் வந்து சேர்ந்தாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

முதலில் உன்னிடம் ஒரு கேள்வி. இருபத்தாறு வயதுப் பெண்ணை, பிரேசிலை விட்டு வெளியே கால் வைக்காதவளை, கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி அனுப்புகிறவள், "ஊருக்குள்ள போயி பாலத்து ஸைலர் வீடு எதுன்னு கேளு, சின்னப்பிள்ளைகூடக் காட்டும்" என்றா சொல்லி அனுப்புவாய்? அக்கா, நாம் சின்ன வயதில் ஓடி விளையாடிய பாலம் இப்போது எங்கே இருக்கிறது? போர் முடிகிற சமயத்தில் அதை வெடிவைத்துத் தகர்த்ததை நீயும் நானும் சேர்ந்துதானே பார்த்தோம்? புதுப் பாலத்தை ஆற்றில் இன்னும் கீழே, தோல் பதனிடும் கொட்டகைப் பக்கம் கட்டிவிட்டார்கள். அதனால் நம் வீடு பாலத்து ஸைலர் வீடாக இருந்தது போய், இப்போது பாலத்து ஸைலர் என்றால் பல் வைத்தியர் ஸைலர். நான் டிக்கெட் ஸைலர். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுத்துத் தலை நரைத்ததற்கு ஊர் கொடுத்த பட்டம். நான் ஓய்வுபெற்ற பிறகு அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. போன வாரம் ஒருவன் என்னை "கிழட்டு ஸைலர்" என்று அடையாளம் சொன்னானாம். இந்த ஊரில் கிழட்டு ஸைலர்கள் எத்தனை பேர் என்று அவனுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

நம் பள்ளிக்கூடம் உனக்கு நினைவிருக்கிறதா? வாத்தியார் கோபத்தில் "ஸைலர், எந்திரி" என்று கத்தினால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். யார் தப்பு செய்தது என்று தெரியாமல் அவர் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார். ஸைலர் என்றாலே கயிறு திரிப்பவன்தானே, ஒரு காலத்தில் ஊரெல்லாம் கயிறு திரித்த வம்சமாம் நாம். இன்று ஸைலர் தெரு இருக்கிறது, ஸைலர் மேடு இருக்கிறது, ஸைலர் பேரிக்காய் இருக்கிறது, கசாப்புக் கடை ஸைலர், போலீஸ் ஸைலர், ஆற்றில் ஓடும் படகுக்கும் ஸைலர் என்றுதான் பெயர். ஒரு பொட்டலம் கட்டக் கயிறு வேண்டுமென்றால் மட்டும் வுர்ட்ஸ்பர்க் போக வேண்டும். அப்போதெல்லாம் ஒவ்வொரு ஸைலருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, அதைச் சொன்னால் போதும், முகமும் வீடும் நாயும் கண்முன் வந்துவிடும். அந்தப் பட்டப்பெயர்களைத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்கிறார்கள். மிச்சம் இருப்பது தொலைபேசிப் புத்தகம்தான். அதில் நாமெல்லாரும் ஒரே ஆள் மாதிரி இருக்கிறோம்.

வியாழக்கிழமை மத்தியான ரயிலுக்கு நான் டேலியாப் பூக்களோடு போய் நின்றேன். கோட்டுகூடப் போட்டிருந்தேன். ரயில் வந்தது, நாலு பேர் இறங்கினார்கள், ஒருத்தரும் உன் மகள் இல்லை. அடுத்த ரயிலும் அப்படியே. அதற்கடுத்த ரயிலுக்குள் பூக்கள் தலை தொங்கிவிட்டன. உன்னிடம் என்ன சொல்வேன்? இத்தனை வருஷம் கழித்து ஒரே ஒரு பிள்ளையை நம்பி அனுப்பினாய், அதையும் தொலைத்துவிட்டேன் என்றா? வெள்ளிக்கிழமை காலையில் நேரே போலீசுக்குப் போனேன்.

போலீஸ் ஸைலர் காபி குடித்துக்கொண்டிருந்தார். "யாரைக் காணோம்?"

"என் அக்கா மகளை."

"எங்க போறதா இருந்தாங்க?"

"ஸைலர் வீட்டுக்கு."

"எங்க வீட்டுக்கு யாரும் வரலியே," என்றார்.

நடந்தது இதுதான். ரோஸ்விதா வுர்ட்ஸ்பர்க்கில் ரயில் மாறத் தெரியாமல் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். இறங்கியதும் நீ சொன்னபடியே பாலத்து ஸைலர் வீட்டைக் கேட்டிருக்கிறாள். சின்னப்பிள்ளைகூடக் காட்டும் என்றாய் அல்லவா, ஒரு சின்னப்பிள்ளையே காட்டியிருக்கிறது. பல் வைத்தியர் வீட்டில் அவளை உட்கார வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்துவிட்டுத்தான் என்ன விஷயம் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வேலைதான், நானும் பார்த்தேன். அவள், "நான் பிரேசில்லேருந்து வரேன். எங்கம்மாவோட தம்பி ஸைலர் வீட்டுக்குப் போகணும்" என்றிருக்கிறாள். வைத்தியர் முகம் மலர்ந்துவிட்டதாம். "அக்கா பிரேசில்ல இருக்கிற ஸைலரா? அத மொதல்லயே சொல்லக் கூடாதா? அது மேட்டு ஸைலர்ல?" என்று தன் காரிலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. மேட்டு ஸைலரான லியோன்ஹார்டின் அக்கா ஒட்டிலியேவும் பிரேசிலுக்குத்தானே போனாள், உனக்கு ஒரு வருஷம் முன்னால். அவளிடமிருந்து இரண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்ததோடு சரி. ஆனால் லியோன்ஹார்ட் பல் பிடுங்கப் போனாலும் முடிவெட்டப் போனாலும் பிரேசில் அக்காவைப் பற்றித்தான் பேசுவான். நான் உன்னைப் பற்றிப் பேசாதவன் இல்லை, அக்கா. கேட்டால் சொல்லுவேன். யாரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை கசாப்புக் கடையில் ஹெர்மினே வரிசையில் நிற்கும்போது கடைக்காரர் சொல்லியிருக்கிறார்: "மேட்டு ஸைலர் வீட்டுல ஒரே கொண்டாட்டம். பெரிய வாத்தாப் பாத்து வாங்கிட்டுப் போனாரு. பிரேசில்லேருந்து அக்கா மக வந்திருக்காளாம்." ஹெர்மினே கறி வாங்காமலே ஓடி வந்தாள், அந்த முழங்காலோடு.

"என்னங்க, உங்க அக்கா மகளுக்கு யாரோ வாத்து சமைச்சுப் போட்டுக்கிட்டு இருக்காங்க."

மேட்டுக்கு ஏறினோம். லியோன்ஹார்டும் நானும் பேச்சை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது, அது உனக்குத் தெரியாது. ஸைலர் தெருவுக்கு நகரசபை பெயர்க்கல் வைத்தபோது, அந்தத் தெரு எங்கள் கொள்ளுத்தாத்தா பெயரில் இருக்கிறது என்று நான் சொன்னேன், தன் கொள்ளுத்தாத்தா பெயரில் என்று அவன் சொன்னான். சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவதைக்கூட விட்டோம். பிறகு விசாரித்தால், கயிறு காயப்போட்ட தெரு என்பதால் அந்தப் பெயராம். எந்த ஸைலரும் காரணம் இல்லை. அதற்குள் கோபம் பழகிவிட்டது.

கதவைத் திறந்தவன் லியோன்ஹார்ட். வீட்டுக்குள் புதுச் சட்டை போட்டிருந்தான், அக்கா. அவன் கல்யாணமாகாதவன், தங்கை குனிகுண்டேயோடு இருக்கிறான். அந்த வீட்டில் நான் பார்த்தவரை திரைச்சீலை துவைத்ததே இல்லை, அன்று எல்லாம் பளிச்சென்று இருந்தது. என்னைப் பார்த்ததும் பழைய சண்டையெல்லாம் அவன் முகத்தில் தேடியும் கிடைக்கவில்லை.

"வா கொன்ராடு. உள்ள வா. பாரு யாரு வந்திருக்கான்னு. எங்க ஒட்டிலியே மக. நான் சொன்னேன்ல, ஒரு நாள் வருவான்னு சொன்னேன்ல?"

மேடேறி வந்த மூச்சில், "டேய், அது எங்க வால்புர்கா மக" என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் திறந்தபடியே நின்றது. அடுப்படியிலிருந்து உன் மகள் எட்டிப் பார்த்தாள், இடுப்பில் கட்டியிருந்த துணியெல்லாம் மாவு. கையை உயர்த்தி, "செத்த பொறுங்க மாமா, கை கழுவிட்டு வந்துர்றேன்" என்றாள்.

அக்கா, "செத்த பொறு" என்ற வார்த்தையை நம் அம்மா போன பிறகு நான் கேட்டதே இல்லை. இங்கே எல்லாரும் "ஒரு நிமிஷம்" என்கிறார்கள், டிவியில் வருகிற மாதிரி. நீ அந்த வார்த்தையை மூட்டையில் கட்டிக் கடல் தாண்டி எடுத்துப்போய், ஈரம் படாமல் வைத்திருந்து, உன் மகள் வாயில் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். நான் அந்த வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எந்த வீட்டு வாசல் என்பது ஒரு கணம் மறந்துவிட்டது.

மேஜையில் என்னை உட்கார வைத்துத் திராட்சை ரசம் ஊற்றினார்கள். ஹெர்மினேயும் குனிகுண்டேயும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் குசுகுசுத்தார்கள். லியோன்ஹார்ட் நிலவறைக்கு இன்னொரு பாட்டில் எடுக்கப் போன சமயத்தில் ரோஸ்விதா என்னிடம் சாய்ந்து கேட்டாள்:

"நீங்கதான என் மாமா? மூக்கப் பாத்ததுமே தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"மொத நாளே அழுதுட்டாரு மாமா. என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு. அப்புறம் எப்படிச் சொல்றது? நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல."

"இப்ப பேசிக்கிட்டுதான இருந்தீங்க?"

அவன் பாட்டிலோடு வந்து உட்கார்ந்தான், குனிகுண்டேயும் ஹெர்மினேயும் வந்து சேர்ந்தார்கள். "அம்மா எப்படிம்மா இருக்கா?" என்று கேட்டான். ரோஸ்விதா என்னைப் பார்த்தாள். நான் மேஜை விரிப்பைப் பார்த்தேன். அப்புறம் என்ன ஆனதென்று எனக்கே விளங்கவில்லை. நான்தான் பதில் சொன்னேன். "நல்லா இருக்காளாம். பழத்தோட்டம் வச்சிருக்காளாம். முன்ன மாதிரியே சத்தமா சிரிக்கிறாளாம்." நீ ஒட்டிலியேயோடு உறைந்த ஆற்றில் சறுக்கப் போவாயே, பனிக்கட்டி விரிசல் விடும் சத்தம் கேட்டு எல்லாரும் கரைக்கு ஓடினாலும் அவள் நடு ஆற்றில் நின்று சிரிப்பாளே, அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் சொன்னேன். "ஆமா, ஆமா" என்று லியோன்ஹார்ட் தலையாட்டினான். பிறகு ரோஸ்விதா ஒரு பொய் சொன்னாள், அதற்குத் தோதாக நான் ஒன்று சொன்னேன், சாயங்காலத்துக்குள் ஒட்டிலியேவுக்குக் கணவன், மூன்று பிள்ளைகள், ஒரு கழுதை, சர்ச் பாட்டுக்குழுவில் ஒரு இடம் எல்லாம் வந்துவிட்டன. ஒரு வாய் அதிகம் குடித்திருந்தால் அவளை மேயராகவே ஆக்கியிருப்பேன்.

ஆகவே அக்கா, தம்பியின் வேண்டுகோள் இது. இனி நீதான் ஒட்டிலியே. மாதம் ஒரு கடிதம் மேட்டு வீட்டுக்கு எழுது. உன் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், அவளுடையது குண்டு குண்டாக அழகாக இருக்கும், அதனால் நிதானமாக எழுது. கழுதையை மறந்துவிடாதே. கணவன் பெயர் எமில். பாவம் செய்கிறோமோ என்று தோன்றினால் பாதிரியாரிடம் என் பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேள், ஆனால் எந்த ஸைலர் என்று தெளிவாகச் சொல்.

ரோஸ்விதா இங்கே பாதி வாரம், மேட்டில் பாதி வாரம் இருக்கிறாள். பேரிக்காய்ப் பாகு கொடுத்தனுப்புகிறோம். அத்தானுக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ, நம் அப்பா அம்மா இருந்தால் என்னென்ன சொல்லி வாழ்த்துவார்களோ அத்தனையும் சேர்த்து நான் வாழ்த்துகிறேன்.

உன் தம்பி
கொன்ராட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது லியோன்ஹார்ட் வந்துவிட்டான், தனியாக. இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுப் படி ஏறினது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"கொன்ராடு, ஒண்ணு சொல்லணும். அவ உங்க வால்புர்கா மகன்னு எனக்கு மொத நாளே தெரியும். அந்த மூக்கு உங்க வீட்டு மூக்குல்ல. எங்க ஒட்டிலியே அங்க போன மூணாவது வருஷமே காய்ச்சல்ல போயிட்டா. அங்கேருந்து திரும்பி வந்த பொம்பள ஒருத்தி சந்தையில பாத்துச் சொன்னா. குனிகுண்டே தாங்கமாட்டா, அவகிட்ட நான் சொல்லல. அவளுக்காகத்தான் இந்த நாடகம். நீயும் அவகிட்ட சொல்லிடாத."

அடுப்படியில் ஹெர்மினே ஒரு கிண்ணத்தைக் கீழே போட்டாள். அவளால் எந்த ரகசியத்தையும் ரொம்ப நாள் வயிற்றில் வைத்துக்கொள்ள முடியாது என்பது உனக்குத் தெரியும். வாசற்படியில் வந்து நின்று, "லியோன்ஹார்டு, அந்தப் பொம்பள குனிகுண்டேகிட்டதான் மொதல்ல சொல்லியிருக்கா. நீங்க தாங்கமாட்டீங்கன்னு அவ மறைச்சு வச்சிருக்கா. சனிக்கிழமை என்கிட்ட சொல்லி அழுதா" என்றாள்.

அவன் அப்போதுதான் உட்கார்ந்தான். "ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவளுக்குன்னு ஒரு தட்டு வச்சோம். ரெண்டு பேரும் அதுல சோறு பரிமாறுவோம். அப்ப யாருக்காக வச்சோம்?" என்று கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தான். நான் ஒரு கிளாஸ் எடுத்து வைத்தேன்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீ ஒட்டிலியே ஆக வேண்டாம், கழுதையும் வேண்டாம், எமிலும் வேண்டாம். போகும்போது அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னது இது: "உங்க அக்காகிட்ட சொல்லு, எங்களுக்கும் ரெண்டு வரி எழுதச் சொல்லு. பொய்யெல்லாம் வேண்டாம். அங்க மழையா வெயிலான்னு எழுதினாப் போதும்."

எழுது அக்கா. அவனுக்கும் "அன்புள்ள தம்பிக்கு" என்றே ஆரம்பி. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.