என் அப்பா ஏமஸ் கார்சைட் இன்னும் சாகவில்லை

கேனல் தெரு, கிராக்தோர்ப்
1971 நவம்பர், வியாழன் காலை

கிராக்தோர்ப் வாரச் செய்தி ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, தெல்மா கார்சைட் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் துணைவியாரும் தங்கள் அச்சு இயந்திரமும் இந்த மழையில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும் நலம். மூவர் என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும்.

போன சனிக்கிழமையிலிருந்து என் அப்பா இறந்துவிட்டதாக ஊர் நம்பிக்கொண்டிருக்கிறது. ஐயா, அவர் இறக்கவில்லை. எனக்கு எதிரே உட்கார்ந்து தட்டில் மிஞ்சிய முட்டையை ரொட்டியால் துடைத்துக்கொண்டிருக்கிறார். நான் அத்தைக்குக் கடிதம் எழுதுகிறேன் என்று நினைக்கிறார். இதை நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும், ஆனால் எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்களே என்ற பயத்தில்தான் பள்ளிக்கூடத்தையே சீக்கிரம் விட்டேன். இப்போது நம் ரக்பி லீக் மைதானத்துத் தேநீர்க் கடையில் வேலை செய்கிறேன். கழகச் செயலாளர் திரு. கிளெக்கிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமை முழுவதும் மனப்பாடம் செய்தேன். அவர் கடை முன்னால் வந்து நின்றதும் என் வாயிலிருந்து வந்தது "சர்க்கரை எவ்வளவு போடட்டும்?" என்பதுதான்.

அப்பாவைத் தங்களுக்கு நினைவிருக்காது. இருந்தால்தான் ஆச்சரியம். போருக்கு முன்னும் பின்னும் அவர் கிராக்தோர்ப் அணியின் ஸ்க்ரம்மில் நடு ஆளாக இருந்தவர். இரண்டு பக்கத்து முரடர்களும் தலையோடு தலை முட்டிக்கொண்டு நிற்க, நடுவில் உருண்டு வரும் பந்தைக் காலால் கொத்திப் பின்னால் தள்ளுவது அவர் வேலை. இரண்டு கைகளும் பக்கத்து ஆட்களின் தோளில் கிடப்பதால், குத்து வந்தால் மூக்கைக் காப்பாற்றக் கை கிடையாது. அப்படி அவர் எடுத்துக் கொடுத்த பந்தை வேறு யாராவது, பெரும்பாலும் மைதானத்து ஓரத்தில் நிற்கும் விங் ஆட்டக்காரர், கொண்டு ஓடிப் போய்க் கோட்டுக்கு அப்பால் வைப்பார். மறுநாள் செய்தித்தாளில் ஓடினவர் பெயர் வரும். அத்தனை வருடத்தில் அப்பா பெயர் ஒரு தடவை வந்தது, பல் வைத்தியருக்கு நன்றி சொல்லிய விளம்பரத்தில். ஊர் அவரைப் பார்த்ததெல்லாம் உச்சந்தலையைத்தான். இப்போது அதில் முடியும் இல்லை, அதனால் யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை.

இந்தச் சாவு எப்படி வந்ததென்றால், பக்கத்து வீட்டுத் திருமதி ஆக்டன் போன வாரம் காலமானார். வழக்கம்போல் தெருவில் எல்லோரும் சவ வண்டி போகும்வரை ஜன்னல் திரைகளை இழுத்து மூடினோம். அப்பா இழுத்த இழுப்பில் எங்கள் வீட்டுத் திரைக்கம்பி சுவரோடு பெயர்ந்துவிட்டது. அதைச் சரி செய்யும்வரை திரையை ஆணி அடித்து மூடினார். வண்டி போனதும் தெருவே திரைகளைத் திறந்துவிட்டது, மறுநாளும் எங்கள் வீடு மட்டும் இருட்டு. அந்தப் பக்கம் போன திரு. கிளெக் மூடிய திரையைப் பார்த்தார், முந்தின நாள் எங்கள் வாசலோரம் நின்ற சவ வண்டியையும் யோசித்தார், தொப்பியைக் கழற்றினார், கதவைத் தட்டி ஒரு வார்த்தை கேட்காமல் மரியாதையாகப் போய்விட்டார். தட்டியிருந்தால் அப்பாவே திறந்திருப்பார்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் "நம் பழைய வீரர் ஏமஸ் கார்சைட் மறைவுக்கு ஒரு நிமிட மௌனம்" என்றார்கள். அப்பா கடைக்கு முன்னால், கையில் சூடான கறிப் பணியாரத்தோடு நின்றுகொண்டிருந்தார். மைதானமே தொப்பியைக் கழற்றியது. அப்பாவும் கழற்றினார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை, தலை குனிந்துகொண்டார். மௌனத்தின் நடுவில் பேச முடியுமா ஐயா? கிராக்தோர்ப்பில் இதுவரை யாராவது பேசியிருக்கிறார்களா? குழந்தை அழுதாலே வெளியே தூக்கிப் போவார்கள். ஒரு நிமிடம் முடிந்ததும் விசில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள், அப்புறம் இருந்த கூச்சலில் சிங்கம் கத்தினாலும் கேட்டிருக்காது.

"ஏன்ப்பா ஒண்ணும் சொல்லல?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"மௌனம்னா மௌனம்மா. மத்தவன் செத்தப்ப நான் பேசினேனா?"

ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. ஆட்டம் நடக்கும்போது கடை முன்னால், அப்பாவுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"ஏமஸ் மாதிரி ஒருத்தன் இனிமே வரமாட்டான்டா. சேத்துல முகத்த வச்சுக்கிட்டே பந்த எடுத்துக் குடுப்பான்."

"எங்க மதிச்சோம் அவன? இருக்கிறவரைக்கும் ஒரு நாள் நின்னு பேசினோமா?"

அப்பா மெல்லத் திரும்பி அவர்களைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"யோவ் பெருசு, கொஞ்சம் குனியேன், ஆட்டம் மறைக்குது" என்றார் ஒருவர். அப்பா குனிந்தார்.

ஞாயிறு முதல், துக்க வீட்டு வழக்கப்படி, வீட்டுக்கு அவித்த பன்றித்தொடை வரத் தொடங்கியது. அப்பா வேலை பார்க்கும் சாயப்பட்டறையிலிருந்து மலர்வளையம் வந்தது. மேஸ்திரி அப்பாவின் வேலை மேலங்கியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். கதவு தட்டும்போதெல்லாம் அப்பா நிலக்கரி அறைக்குள் போய் ஒளிந்துகொண்டு, வருபவர்கள் அவரைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்கிறார். முகமெல்லாம் கரியோடு வெளியே வந்து, "இன்னொரு தடவ சொல்லு, என்ன சொன்னாங்க?" என்கிறார்.

அம்மா நோராவுக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க சாவுக்கு வந்த கறிய நீங்களே தின்னு தீர்த்தா, துக்கம் கேக்க வர்றவங்களுக்கு என்னத்த வைக்கிறது? நிலக்கரி போடறவன் வேற, தனியா இருக்கீங்களே, ஏதாவது வேணுமான்னு ரெண்டு தடவ கேட்டுட்டுப் போயிட்டான்."

"அவன் எதுக்குக் கேக்கறான்?"

"செத்தவருக்கு அது எதுக்கு?"

இத்தோடு போயிருந்தால் நான் தங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். திங்கட்கிழமை திரு. கிளெக் வந்தார். புதிதாகக் கூரை போட்ட பார்வையாளர் மாடத்துக்கு ஏமஸ் கார்சைட் பெயர் வைப்பதாகக் குழு முடிவு செய்திருக்கிறதாம், வரும் சனிக்கிழமை அம்மாதான் கயிற்றை இழுத்துத் திறந்துவைக்க வேண்டுமாம். அம்மா மெதுவாக, "ஒருவேள அவர் உசுரோட இருந்தா?" என்று கேட்டார்.

"உயிரோட இருக்கிறவங்களுக்குக் குடுக்கறதில்லம்மா. ஒருத்தன் பேர வாசல்ல எழுதினோம், பெயின்ட் காயறதுக்குள்ள பக்கத்து ஊர் அணியில போய்ச் சேர்ந்தான். இனிமே செத்தவங்கதான். அவங்க எங்கயும் போகமாட்டாங்க."

அவர் போனதும் நிலக்கரி அறைக் கதவு திறந்தது. "சனிக்கிழம வரைக்கும் நான் செத்தே இருக்கேன்" என்றார் அப்பா.

அம்மா அழுதார், விதவையாகக் கயிறு இழுக்க முடியாது என்று சொல்லி. அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. சனிக்கிழமைக்குப் பிறகு என்ன செய்வார் என்று கேட்டேன், இன்னொரு துண்டு பன்றித்தொடையை எடுத்துக்கொண்டார். நிலக்கரி அறையில் ஒளிந்து ஒளிந்து அவருக்கு இருமல் பிடித்துவிட்டது. நேற்று அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து என்னிடம், "நான் நல்லாத்தான் ஆடினேனா தெல்மா?" என்று கேட்டார். நான் பிறப்பதற்கு முன்பே அவர் ஆட்டத்தை விட்டுவிட்டார் ஐயா. நான் என்னவென்று சொல்வது?

ஆகையால் தங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். என் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று தங்கள் பத்திரிகையில் போடுங்கள். அதன் கீழேயே, குழுவினர் அந்த விதியை இந்த ஒருவருக்காக மாற்ற வேண்டும் என்றும் எழுதுங்கள். தாங்கள் சொன்னால் கேட்பார்கள். தன் பெயரை அவர் அண்ணாந்து பார்க்க வேண்டும், பிறகு மனம் நிறைந்து சாயப்பட்டறைக்குப் போக வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

தங்களுக்கும் தங்கள் குடும்பத்தாருக்கும் நல்ல உடம்பும் காய்ந்த நிலக்கரியும் கிடைக்கக் கடவுளை வேண்டும்,
தெல்மா கார்சைட்

பின்குறிப்பு: ஐயா, மேலே எழுதியது எதையும் போட வேண்டாம். உறையை ஒட்டப் போகும்போது இந்த வாரத் தங்கள் பத்திரிகை வந்தது. முதல் பக்கத்தில் இரங்கல் இருந்தது. அப்பா மடியில் விரித்து, விரலை வைத்து வாசித்தார். "வெள்ளைக் கோட்டோரம் மான்போல் ஓடிய மாபெரும் விங் ஆட்டக்காரர்" என்று போட்டிருந்தீர்கள். அப்பா இரண்டு தடவை வாசித்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு, வாசல் கதவைத் திறந்து, பட்டப்பகலில் நடுத்தெருவில் இறங்கிவிட்டார். அம்மா பின்னாலேயே ஓடி, "ரெண்டு நாள் பொறுங்களேன், பேர் எழுதினதும் போயி கத்துங்க" என்றார், விதவையாகக் கயிறு இழுக்க முடியாது என்று இத்தனை நாள் அழுதவர். அப்பா நிற்கவில்லை.

"ஏமஸ், நீ செத்துட்டன்னாங்களேப்பா?" என்று எதிர்வீட்டிலிருந்து யாரோ கேட்டது எனக்குக் கேட்டது.

"செத்தா செத்துட்டுப் போறேன். ஓரத்துல ஓடினேன்னு எவன் சொன்னான்?"

கழகத்தை நோக்கித்தான் போகிறார். இனி மாடமும் இல்லை, பெயரும் இல்லை. அவர் உயிரோடு இருப்பதை அவரே ஊருக்குச் சொல்லிக்கொண்டு போவதால் அதற்கும் தாங்கள் இடம் ஒதுக்க வேண்டாம். எங்காவது ஓர் ஓரத்தில், சின்ன எழுத்தில், ஏமஸ் கார்சைட் ஸ்க்ரம்மின் நடுவில் ஆடினார் என்று மட்டும் போடுங்கள். அவர் வந்து கேட்க மாட்டார். நான் கேட்கிறேன்.