அஞ்சடியில் செல்லவும்

வந்திருந்தவர்கள்: பேசும் வரைபடத்தைச் செய்த லோகேஸ்வரி, அதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி ஐமான், பஸ் ஸ்டாப்பில் கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாக ஒரு பெரியவர். வரவேண்டியவர் பார்வையற்ற சோதனையாளர் முகம்மது கனி. ஆக, ஆள் கணக்கு சரி.

லோகேஸ்வரிக்குக் கால் தரையில் இல்லை. போனின் குரலை மட்டும் கேட்டு இவர் மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைவரை போய்விட்டால், நாளைக்கே வரைபடம் ஊருக்குத் திறக்கும். தவறினால் அவள் பிறை டவுனில் இருக்கும் பழைய ஃபேக்டரி வேலைக்கே திரும்ப வேண்டும்.

"ரொம்ப நேரமா நிக்கிறீங்களா ஐயா?"

"ஆமாம்மா. டாய்லெட் எங்க இருக்கு?"

"அதான் டெஸ்ட்டே! போன் சொல்றபடி போங்க. நாங்க வாயத் தொறக்க மாட்டோம்."

"இதுக்குமா போனு?" என்றபடி பெரியவர் வாங்கிக்கொண்டார்.

"அஞ்சடியில் செல்லவும். முடிவில் இடப்பக்கம் திரும்பவும்," என்றது போன்.

பெரியவர் ஐந்து அடி எண்ணி வைத்தார். இடப்பக்கம் திரும்பினார். சாம்பிராணிக் கடைக்குள் நுழைந்து, "இங்கயா?" என்று பெல்ட்டில் கை வைத்தார்.

"அல்லாவே, இங்க இல்ல லா!" என்று அலறினார் கடைக்காரர்.

லோகேஸ்வரிக்குத் தலை சுற்றியது. கடைகளுக்கு முன்னால், தூண்களுக்கு உள்ளே ஓடும் கூரைபோட்ட நடைவழிதான் அஞ்சடி. பினாங்கில் பிறந்த பூனைக்குக்கூட அது தெரியும்.

"ஒரு நிமிஷம் அண்ணே!" என்று ஐமானிடம் சொல்லிவிட்டு, மோட்டார் சைக்கிள் சீட்டில் லேப்டாப்பை வைத்து, அஞ்சடி என்று இருந்த இடமெல்லாம் அதன் மலாய்ப் பெயரைப் போட்டாள்.

"காக்கி லிமா வழியாகச் செல்லவும்," என்றது போன்.

பெரியவர் அசையவில்லை. "யாரும்மா அந்த லிமா? போலீஸா?"

ஐமான் நோட்டில் ஏதோ எழுதினார். லோகேஸ்வரி அதையும் அழித்து, 'நடைபாதை' என்று மாற்றினாள். பெரியவர் சாலை ஓரத்துக்கு இறங்கி, நிறுத்தியிருந்த இரண்டு கார்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்.

"பெயர் ஒண்ணும் வேணாம்!" வெறும் மீட்டர் கணக்கை அடித்தாள். "எண்பது மீட்டர் நேராக. பிறகு இடப்பக்கம்."

இப்போது பெரியவர் நடக்கவில்லை, ஓடினார். நெற்றியெல்லாம் வேர்வை.

"என்ன ஈடுபாடு பாருங்க அண்ணே!" என்று லோகேஸ்வரி பின்னாலேயே ஓடினாள்.

போன் அறிவித்தது: "வந்து சேர்ந்துவிட்டீர்கள்."

கழிப்பறைக் கதவு திறக்கவில்லை. பெரியவர் இரண்டு கையாலும் தட்டினார்.

"பூட்டிக் கெடக்கு. ஃபெயில் லா, லோகேஸ்வரி," என்று ஐமான் பேனாவைத் திறந்தார்.

அப்போது கதவு உள்ளிருந்து திறந்தது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார்.

"லோகேஸ்வரியா? நான் முகம்மது கனி. நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துட்டேன். பஸ் ஸ்டாப்புல யார் சத்தமும் இல்ல, என் போன்லயே மேப்ப கேட்டுக்கிட்டு இங்க வந்துட்டேன். அஞ்சடியில நேரா, முடிவுல இடது. பெஸ்ட் லா! ஒரு வார்த்தைகூட மாத்திடாதீங்க."

ஐமான் பெரியவர் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க?"

"மதுரைலருந்து வந்தவன், கண்ணு நல்லாத் தெரியும்!" என்று போனை அவர் கையில் திணித்துவிட்டுப் பெரியவர் உள்ளே பாய்ந்தார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது, தாழ்ப்பாள் விழுந்தது.